சியாபாஸ் சபாட்டிஸ்டாக்கள்: தன்னாட்சியும் தோழமையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் தென்கோடியில் இருக்கும் மாநிலம் சியாபாஸ். அங்கே மாயா வழிவந்த பூர்வகுடி மக்கள் 30 ஆண்டுகளுக்கு மேலாக, அரசிடம் சல்லிக்காசு வாங்காமல், தங்கள் ஊர்களைத் தாங்களே நடத்தி வருகிறார்கள். இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முகமூடி, புகைக்குழாய், கவிதை மாதிரி அறிக்கைகள் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஊர் எப்படி நடக்கிறது, வெளியார் ஆதரவு யார் சொல்படி போய்ச் சேருகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதனால் இங்கே அந்தக் கேள்விகளுக்கே இடம் அதிகம்.

சபாட்டிஸ்டாக்கள் யார்?

பெரும்பாலும் சோளமும் பீன்ஸும் காப்பியும் விளைவிக்கும் விவசாயக் குடும்பங்கள். ட்சொட்சில், ட்செல்டால், சோல், தோஹோலாபால் மொழிகளைப் பேசுகிறவர்கள். சோக்கே, மாம் மொழிக்காரர்களும் உண்டு. ஆயுத அமைப்பின் பெயர் சபாட்டிஸ்டா தேசிய விடுதலைப் படை. 1983 நவம்பர் 17 அன்று லக்கன்டோன் காட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு அது தொடங்கியது. நகரத்து மார்க்சியர் சிலர், உள்ளூர்ப் பூர்வகுடியினர் சிலர், அவ்வளவுதான்.

ஆனால் நிலம் அதற்கு முன்பே பக்குவப்பட்டிருந்தது. 1974இல் சான் கிறிஸ்டோபால் நகரில் ஆயர் சாமுவேல் ரூயிஸ் முன்னின்று நடத்திய பூர்வகுடி மாநாட்டில்தான், தனித்தனியே புலம்பிக்கொண்டிருந்த ஊர்கள் ஒன்றையொன்று சந்தித்தன. நிலம், வியாபாரம், பள்ளி, மருத்துவம் நான்கிலும் எல்லோருக்கும் ஒரே குறைதான் என்று தெரிந்தது. விவசாயச் சங்கங்கள் அதற்கப்புறம் பெருகின.

பெயர் எமிலியானோ சபாட்டாவிடமிருந்து வந்தது. 1910 மெக்சிகோ புரட்சியில் நிலத்தை உழுகிறவனுக்கே கேட்டவர் அவர். 1919 ஏப்ரல் 10 அன்று சூழ்ச்சியால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1994 ஜனவரி 1 அன்று ஏன் ஆயுதம் எடுத்தார்கள்?

அந்த நாளில்தான் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்குமான வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மானியத்தில் விளைந்த அமெரிக்கச் சோளம் தடையில்லாமல் உள்ளே வந்தால், மலைச்சரிவில் கையால் குத்தி விதைக்கிறவன் பிழைக்க முடியாது.

அதைவிட ஆழமான காயம் 1992இல் பட்டது. மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவு புரட்சியின் பலனாக வந்தது: ஊர்ப் பொதுநிலத்தை விற்க முடியாது, நிலம் இல்லாதவர்கள் அரசிடம் நிலம் கேட்டு மனுப் போடலாம். அதிபர் கார்லோஸ் சலினாஸ் அந்தப் பிரிவைத் திருத்தினார். பொதுநிலத்தைத் தனியார் பட்டாவாக்கி விற்க வழி பிறந்தது. நிலப் பங்கீடு முடிந்துபோனதாக அறிவிக்கப்பட்டது. பத்து, இருபது ஆண்டுகளாக மனுக்களைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகப் படியேறிக்கொண்டிருந்தவர்களுக்கு அது என்ன செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரிஹால்வா ஆற்றின் அணைகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் கொடுத்த மாநிலம் அது. அங்கேயே 1990 வாக்கில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் விளக்கு எரியவில்லை.

சண்டை எவ்வளவு நாள் நடந்தது?

பன்னிரண்டு நாள். புத்தாண்டு விடியலில் சான் கிறிஸ்டோபால் தெ லாஸ் காசாஸ், ஒகோசிங்கோ, லாஸ் மார்கரிட்டாஸ், அல்டமிரானோ உள்ளிட்ட ஊர்களைப் பிடித்தார்கள். வந்தவர்களில் சிலர் கையில் இருந்தது மரத்தைச் செதுக்கிய பொம்மைத் துப்பாக்கி. ராணுவம் திருப்பியடித்தது, மலைகள்மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது, ஒகோசிங்கோ சந்தையில் ரத்தம் ஓடியது.

நிறுத்தியது யார் என்பதுதான் முக்கியம். ஜனவரி 12 அன்று மெக்சிகோ நகர மையச் சதுக்கத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அவர்களில் பலருக்கு ஆயுதப் போராட்டத்தில் உடன்பாடு இல்லை. கோரிக்கையில் உடன்பாடு இருந்தது. அன்றே அரசு போர்நிறுத்தம் அறிவித்தது. அதிலிருந்து இன்றுவரை சபாட்டிஸ்டாக்கள் ஆயுதத்தைக் கீழே போடவும் இல்லை, அதை வைத்துத் தாக்குதல் நடத்தவும் இல்லை. தோழமை என்பது இந்தக் கதையில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரம் இல்லை. இரண்டாவது வாரத்திலேயே உயிரைக் காத்தது அதுதான்.

அரசோடு பேச்சுவார்த்தை நடந்ததே, அது என்னவாயிற்று?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவர்கள் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது.

1994 பிப்ரவரியில் சான் கிறிஸ்டோபால் பேராலயத்தில் ஆயர் ரூயிஸ் நடுவராக இருக்க முதல் பேச்சு தொடங்கியது. 1995 பிப்ரவரியில், புதிய அதிபர் எர்னெஸ்டோ செடில்லோ தலைவர்களுக்குக் கைது வாரன்ட் போட்டு ராணுவத்தைக் காட்டுக்குள் அனுப்பினார். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எதிர்ப்புக் கிளம்பியது. சபாட்டிஸ்டாக்கள் மலைக்குள் பின்வாங்கினார்கள், அரசு மறுபடி மேசைக்கு வந்தது. கடைசியில் 1996 பிப்ரவரி 16 அன்று சான் ஆந்த்ரேஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. பூர்வகுடி மக்களின் தன்னாட்சி, அவர்கள் மொழி, அவர்கள் வழக்கப்படி நீதி, தங்கள் மண்ணின் வளத்தில் கூட்டு உரிமை எல்லாம் அதில் இருந்தன.

கையெழுத்துப் போட்ட அரசே அதைச் சட்டமாக்க மறுத்தது. எல்லாக் கட்சி எம்.பி.க்களும் அடங்கிய நாடாளுமன்றக் குழு ஒரு வரைவு தயாரித்துக் கொடுத்தது, சபாட்டிஸ்டாக்கள் ஒத்துக்கொண்டார்கள், செடில்லோ நிராகரித்தார்.

2000 தேர்தலில், 70 ஆண்டுக்கு மேல் நாட்டை ஆண்ட கட்சி தோற்று விசென்டே ஃபாக்ஸ் வந்தார். சியாபாஸ் பிரச்சினையைப் பதினைந்து நிமிடத்தில் தீர்ப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். 2001இல் சபாட்டிஸ்டா தளபதிகள் ஆயுதமில்லாமல், முகமூடியோடு, பல மாநிலங்கள் வழியாகத் தலைநகருக்குப் பயணம் போனார்கள். மார்ச் 28 அன்று நாடாளுமன்ற மேடையில் ஏறினார்கள். இயக்கத்தின் பேச்சாளராக ஊடகங்களில் பேர்பெற்ற துணைத்தளபதி மார்க்கோஸ் பேசுவார் என்று நாடே காத்திருக்க, மேடையில் வந்து நின்றவர் எஸ்தர் என்ற பூர்வகுடிப் பெண். ஏழை, பூர்வகுடி, பெண் என்று மூன்று சுமையையும் தூக்கி நடந்த வாழ்க்கையை நாடாளுமன்றத்திலேயே எடுத்து வைத்தார். மார்க்கோஸ் அவைக்குள்ளேயே வரவில்லை.

அடுத்த மாதமே சட்டம் வந்தது, பல்லைப் பிடுங்கி. ஊர்ச் சமூகங்களைப் பொதுச் சட்ட உரிமை உள்ள, அதாவது தாமே முடிவெடுக்கும் சட்ட அதிகாரம் உள்ள அமைப்புகளாக ஏற்க வேண்டும் என்று வரைவு சொன்னது. வந்த சட்டமோ அவற்றைப் ‘பொதுநலன் சார்ந்தவை’ என்று மாற்றி, உரிமை எவ்வளவு என்பதை மாநில அரசுகளின் விருப்பத்துக்கு விட்டது. செனட்டில் மூன்று பெரிய கட்சிகளும் சேர்ந்தே அதற்கு வாக்களித்தன. எதிர்த்துப் போட்ட 300க்கும் மேற்பட்ட மனுக்களை 2002இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதோடு சரி. இனிக் கேட்டுப் பெறுவதில்லை, இருப்பதைக் கொண்டு செய்துகொள்வோம் என்று முடிவெடுத்தார்கள்.

தன்னாட்சி என்றால் தனிநாடு கேட்கிறார்களா?

இல்லை. ஒருபோதும் கேட்டதில்லை. அவர்கள் கூட்டங்களில் மெக்சிகோ கொடி உண்டு, தேசிய கீதமும் உண்டு. ‘நாங்கள் இல்லாத மெக்சிகோ இனி வேண்டாம்’ என்பது பூர்வகுடி இயக்கத்தின் பழைய முழக்கம். நாட்டைப் பிரிக்கிறார்கள் என்று அரசுத் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னதால் வெளியே அந்த எண்ணம் நிற்கிறது.

சரி, அரசு இல்லாமல் ஊர் எப்படி நடக்கிறது?

சாலையோரத்தில் ஒரு தகரப் பலகை. ‘நீங்கள் இருப்பது கிளர்ச்சியில் இருக்கும் சபாட்டிஸ்டா மண். இங்கே மக்கள் ஆணையிடுகிறார்கள், அரசு கீழ்ப்படிகிறது’ என்று எழுதியிருக்கும். முழக்கமாகப் பார்த்தால் எந்தக் கட்சியும் இப்படி எழுதும். நடைமுறையைப் பாருங்கள்.

அடித்தளம் ஊர்க் கூட்டம். அங்கே பேசிப் பேசி முடிவுக்கு வருவார்கள். நேரமாகும், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 1994 டிசம்பரிலேயே பல ஊர்களைச் சேர்த்துத் தன்னாட்சி நகராட்சிகளை அறிவித்தார்கள். 2003 ஆகஸ்டில் அதற்கு மேலே ஐந்து வட்டார மையங்கள் வந்தன: ஓவென்டிக், லா ரெயலிதாத், லா கருச்சா, மொரேலியா, ரொபெர்த்தோ பார்ரியோஸ். ஒவ்வொரு மையத்திலும் ஒரு நல்லாட்சிக் குழு. 2019இல் புதிதாக ஏழு மையங்கள் சேர்ந்து பன்னிரண்டாயின.

2023 வரை இருந்த இந்த நல்லாட்சிக் குழுக்களின் உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. ஒரு வாரம், பத்து நாள் என்று முறை வைத்து வந்து அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு, அடுத்த அணி வந்ததும் வயலுக்குத் திரும்புவார். அவர் இல்லாத நாளில் அவர் சோளத்துக்குக் களை எடுக்க ஊரார் உதவுவார்கள். வேலை தெரிந்துகொள்வதற்குள் ஆள் மாறிவிடுகிறாரே, ஒரே விஷயத்தை மூன்று முறை விளக்க வேண்டியிருக்கிறதே என்று வெளியிலிருந்து போனவர்கள் நிறையவே சலித்துக்கொண்டார்கள். நியாயமான சலிப்புதான். ஆனால் முறை மாறுவதற்குக் காரணமே அதுதான்: ஆட்சி ஒரு சிலரின் தனித்திறமையாகிவிடக் கூடாது, கூட்டம் சேர்த்து லஞ்சம் வாங்க நேரமும் இருக்கக் கூடாது. திறமை குறைந்தாலும் பரவாயில்லை என்று தெரிந்தே எடுத்த முடிவு இது. எனக்கு இதில் பாதி உடன்பாடு. அவர்களுக்கு முழு உடன்பாடு, அதுதானே முக்கியம்.

பள்ளியில் பாடம் நடத்துகிறவர், மருத்துவ நிலையத்தில் மருந்து கொடுக்கிறவர் எல்லோரும் ஊரே தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பிய இளைஞர்கள். பாடம் தாய்மொழியிலும் ஸ்பானிஷிலும். மருத்துவத்தில் மாத்திரையும் உண்டு, பிரசவம் பார்க்கும் பாட்டிகளின் கைப்பக்குவமும், எலும்பு கட்டுகிறவர்களின் வித்தையும், மூலிகையும் உண்டு. சாராயத்துக்குத் தடை, அதைக் கேட்டு வாங்கியவர்கள் பெண்கள்.

நீதியில்தான் எதிர்பாராத வேடிக்கை. நிலத் தகராறு, கடன், குடும்பச் சண்டை என்று சபாட்டிஸ்டா அல்லாத குடும்பங்களும், அரசுக் கட்சிக்காரர்களும்கூட, இந்தக் குழுக்களிடம் வழக்கைக் கொண்டுவந்தார்கள். காரணம் எளிது: கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, சொந்த மொழியில் பேசலாம். இரு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்டு, நஷ்டத்தை ஈடுகட்டச் சொல்வார்கள். மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டியவர் மரம் நடுவார், அல்லது ஊர் வேலை செய்வார். சிறையில் அடைத்தால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத்தான் தண்டனை என்பது அவர்கள் வாதம்.

பின்னணியில் இருப்பது நிலம். 1994இல் பண்ணையார்கள் ஓடிப்போக, ஆயிரக்கணக்கான ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்பனும் பாட்டனும் கூலிக்கு மாரடித்த அதே பண்ணை. நிலம் மட்டும் கைக்கு வராமல் போயிருந்தால் இத்தனை குழுவும் கூட்டமும் காகிதத்தில்தான் இருந்திருக்கும்.

2023இல் எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்களாமே?

நகராட்சிகளையும் நல்லாட்சிக் குழுக்களையும் கலைத்தது உண்மை. இயக்கம் முடிந்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதியவர்கள் உண்டு. நடந்தது வேறு. அதிகாரம் மேல்மட்டக் குழுக்களிடம் தேங்கிவிட்டது, ஊருக்கும் குழுவுக்கும் இடைவெளி விழுந்துவிட்டது என்று இயக்கத்தின் பேச்சாளர் துணைத்தளபதி மோய்செஸ் வெளிப்படையாகவே அறிவித்தார். அதனால் தலைகீழாகத் திருப்பினார்கள்: ஒவ்வொரு ஊருக்கும் ஒரு உள்ளூர்த் தன்னாட்சி அரசு, முடிவெடுப்பது அதுவே. பல ஊர் சேர்ந்து செய்ய வேண்டியதற்கு மட்டும் மேலே கூட்டமைப்புகள்.

கூடவே இன்னொரு அறிவிப்பும் வந்தது. மீட்ட நிலத்தில் ஒரு பகுதி யாருடைய பெயரிலும் இருக்காது. சபாட்டிஸ்டா அல்லாத அண்டை வீட்டுக்காரரும் முறை வைத்து அதில் உழுது விளைவிக்கலாம். பட்டா கிடையாது, விற்க முடியாது. நிலச் சண்டையால் பிளந்து கிடக்கும் வட்டாரத்தில் எதிரியையும் வயலுக்குக் கூப்பிடுவது துணிச்சலான யோசனை. எப்படிப் போகும் என்பது விதைத்து அறுத்துத்தான் தெரிய வேண்டும்.

பெண்களின் நிலை உண்மையிலேயே மாறியதா?

எழுச்சிக்கு முன்பே, 1993இல், பெண்களின் புரட்சிச் சட்டம் என்று பத்து அம்சங்களைப் படைக்குள் நிறைவேற்றிக்கொண்டார்கள். எத்தனை பிள்ளை என்று தானே முடிவு செய்யலாம், கட்டாயக் கல்யாணம் கூடாது, அடித்தால் தண்டனை, ஊர்ப் பதவியிலும் படைப் பொறுப்பிலும் இடம் உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கேட்டு இதைத் தொகுத்ததில் ரமோனா என்ற ட்சொட்சில் பெண்ணுக்குப் பெரிய பங்கு. ஸ்பானிஷ் அதிகம் தெரியாத, பூத்தையல் வேலை செய்து பிழைத்த, ஆள் உயரத்தில் சின்னவரான அவர்தான் 1996இல் உடல் நலிந்த நிலையிலும் தலைநகருக்குப் போய்த் தேசியப் பூர்வகுடி மாநாட்டில் பேசினார். 2006 ஜனவரியில் காலமானார். சான் கிறிஸ்டோபால் நகரைப் பிடித்த அணியை வழிநடத்தியவரும் ஒரு பெண், மேஜர் ஆனா மரியா.

சட்டம் எழுதியதும் வீடு மாறிவிடவில்லை. அதை அவர்களே சொல்வார்கள். ஆனால் 2018 மார்ச்சில் மொரேலியாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் கலந்துகொண்ட சர்வதேசக் கூடுகையில் ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. சபாட்டிஸ்டா ஆண்கள் வீட்டையும் குழந்தைகளையும் சமையலையும் பார்த்துக்கொண்டார்கள்.

மார்க்கோஸ்தானே தலைவர்?

துணைத்தளபதி. மேலே முழுவதும் பூர்வகுடித் தளபதிகள் இருந்தார்கள். ஊடகத்துக்கு வெளுத்த தோலும் நல்ல ஸ்பானிஷும் கிண்டலும் உள்ள ஒருவர் தேவைப்பட்டார், இயக்கமும் அதைப் பயன்படுத்திக்கொண்டது. 2014 மே 2 அன்று லா ரெயலிதாதில் கலேயானோ என்ற பெயரில் இயங்கிய சபாட்டிஸ்டா ஆசிரியர் ஒருவர் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார். அதே மாதம் 25ஆம் தேதி, மார்க்கோஸ் என்ற பாத்திரம் இனி இல்லை என்று அறிவித்து, செத்தவரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். பேச்சாளர் பொறுப்பு ட்செல்டால் விவசாயியான மோய்செஸிடம் போனது.

வெளிநாட்டு ஆதரவு உருப்படியாக என்ன செய்தது?

மூன்று விஷயங்களைச் சொல்லலாம். முதலாவது, கண் முன்னால் நிற்பது. 1997 டிசம்பர் 22 அன்று ஆக்தெயால் என்ற ஊரில் தேவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த 45 பேரைத் துணைப்படைக் கும்பல் சுட்டும் வெட்டியும் கொன்றது. இறந்தவர்கள் ‘தேனீக்கள்’ என்ற அகிம்சை வழிக் கத்தோலிக்க அமைப்பினர். சபாட்டிஸ்டாக்களின் கோரிக்கையை ஏற்றவர்கள், ஆயுதத்தை ஏற்காதவர்கள். பாதிப்பேருக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். இந்த மாதிரி வன்முறை நடப்பது யாரும் பார்க்காத இடத்தில். அதனால் ஆயர் ரூயிஸ் நிறுவிய பிராய் பார்தொலோமே தெ லாஸ் காசாஸ் மனித உரிமை மையம், பயிற்சி கொடுத்த வெளியார்களை ஊர்களுக்கு அனுப்பித் தங்கவைத்தது. அவர்கள் வேலை போராடுவது கிடையாது. உட்கார்ந்து, எத்தனை ராணுவ லாரி போனது, எந்தப் பக்கம் போனது, எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று நோட்டில் எழுதுவது. பல நாள் எழுத எதுவுமே இருக்காது. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி.

இது அரசுக்கு எரிச்சலைத் தந்தது என்பதற்குத் தனிபெர்லா சாட்சி. 1998 ஏப்ரலில் அந்த ஊர்க்காரர்கள் தன்னாட்சி அலுவலகச் சுவரில் தங்கள் பள்ளத்தாக்கின் வாழ்க்கையைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார்கள். தன்னாட்சி அறிவித்த மறுநாள் விடியுமுன் ராணுவமும் போலீஸும் வந்து ஆட்களைப் பிடித்தன, ஓவியத்தை அழித்தன, அங்கிருந்த வெளிநாட்டுப் பார்வையாளர்களை நாடு கடத்தின. அப்புறம் நடந்ததுதான் அழகு: புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து அதே ஓவியத்தை ஐரோப்பாவிலும் அமெரிக்காக்களிலும் பல ஊர்களின் சுவர்களில் மறுபடி வரைந்தார்கள்.

இரண்டாவது, காப்பி. இடைத்தரகர் சொல்லும் விலைக்குக் கொட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டுறவு தொடங்கினார்கள். 1999இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய காஃபே லிபெர்தாத் மாதிரி தோழமைக் குழுக்கள் நேரடியாக வாங்கி ஐரோப்பாவில் விற்றன.

மூன்றாவது எதிர்த்திசையில் போனது. 1996 கோடையில் காட்டுக்குள், ‘மனிதகுலத்துக்காகவும் நவதாராளவாதத்துக்கு எதிராகவும்’ என்று ஒரு சர்வதேசக் கூடுகை வைத்தார்கள். அங்கே கிளம்பிய தொடர்புகளிலிருந்து 1998இல் மக்கள் உலகச் செயல்பாடு என்ற வலைப்பின்னல் பிறந்தது. அதன் இரண்டாவது மாநாட்டைக் கர்நாடக விவசாயிகள் சங்கம் 1999இல் பெங்களூரில் நடத்தியது. உதவ வந்தவர்கள், தங்கள் ஊர்ப் போராட்டத்துக்கு ஏதோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

பணமோ பொருளோ அனுப்பினால் உதவியாக இருக்காதா?

இதற்கு மார்க்கோஸே 2003இல் பதில் எழுதிவிட்டார், ஒரு செருப்பைக் காட்டி. நிவாரணப் பொருளோடு வந்த அது வெளிநாட்டு இளஞ்சிவப்பு ஹைஹீல்ஸ், அதுவும் ஒற்றைக்கால் மட்டும். காட்டுச் சேற்றில் அதை யார் போடுவது? கூடவே வேலை செய்யாத கணினிகள், காலாவதியான மருந்துகள், போட முடியாத உடைகள். வீட்டில் கழித்துக்கட்ட வேண்டியதை அனுப்பிவிட்டு மனத்தில் புண்ணியக் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள் என்பது அவர் கோபம்.

அதைவிட அவரைக் கடுப்பேற்றியது, நல்ல மனத்தோடு வரும் திட்டங்கள். ஊருக்குக் கிணறு வேண்டும், அனுப்புகிறவர் நூலகம்தான் கட்டுவேன் என்பார். ஓவென்டிக் சாலையோரத்தில் இருப்பதால் எல்லாம் அங்கேயே குவியும். காட்டுக்குள் ஏழெட்டு மணி நேரம் நடக்க வேண்டிய ஊருக்கு ஒன்றும் வராது. சில குடும்பங்களுக்கு வெளிநாட்டு நண்பர்கள் வாய்த்ததால் ஒரே ஊருக்குள் ஏற்றத்தாழ்வு விழுந்தது.

எனவே நல்லாட்சிக் குழுக்கள் வந்ததும் கட்டுப்பாடுகள் வந்தன. எந்த உதவியும் குழு வழியாகத்தான். எந்த ஊருக்கு எது என்று குழுதான் சொல்லும். ஒவ்வொரு வெளித் திட்டமும் பத்து சதவீதத்தைக் குழுவிடம் கட்ட வேண்டும், அது உதவி கிடைக்காத ஊர்களுக்குப் போகும். தனி ஆளுக்கு என்று எதையும் கொடுக்க முடியாது. சில தொண்டு நிறுவனங்கள் முகம் சுளித்து விலகின. ஏற்றுக்கொண்டவர்கள் நின்றார்கள். இந்த இயக்கத்திடமிருந்து கற்க ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இந்தக் கட்டுப்பாடுகளைத்தான் சொல்வேன். கையேந்தாமல் உதவி வாங்குவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான நடைமுறையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அவர்களும் கொடுக்கிறார்கள். 2017இல் டிரம்ப் ஆட்சியில் துரத்தப்பட்ட குடியேறிகளுக்கு ஆதரவாகக் கிட்டத்தட்ட 4 டன் காப்பியைத் தோழமைக் குழுக்களுக்கு அனுப்பி, விற்று அவர்களுக்குச் செலவழியுங்கள் என்றார்கள்.

ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனது எதற்கு?

2021 மே மாதம் நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள், ஆண்–பெண் வகைக்குள் அடங்காத ஒருவர் என ஏழு பேர் ‘லா மொன்டான்யா’ என்ற பாய்மரக் கப்பலில் ஏறி ஜூனில் ஸ்பெயினின் விகோ துறைமுகம் சேர்ந்தார்கள். ஆஸ்டெக் தலைநகரம் வீழ்ந்து 500 ஆண்டு நிறைந்த ஆகஸ்ட் 13 அன்று மாட்ரிட் தெருவில் நடந்தார்கள். நீங்கள் எங்களை வென்றுவிடவில்லை என்று சொல்லவும், அங்கே போராடுகிறவர்கள் கதையைக் கேட்கவும் வந்தோம் என்றார்கள். அப்புறம் பெரிய குழு ஒன்று விமானத்தில் வியன்னா போய்ப் பல நாடுகளுக்குப் பிரிந்தது. தாமதத்துக்குக் காரணம் பாஸ்போர்ட். சொந்த நாட்டின் அதிகாரிகளே, பிறப்புப் பதிவு சரியில்லை என்று காகிதம் காகிதமாகக் கேட்டு அலைக்கழித்தார்கள்.

தேர்தலில் நிற்பதில்லையா?

இயக்கம் நிற்பதில்லை. 2018 அதிபர் தேர்தலுக்குத் தேசியப் பூர்வகுடி மாநாடு என்ற அமைப்பு, மரிச்சுய் என்று அழைக்கப்படும் நாவா இனத்து மூலிகை மருத்துவர் மரியா தெ ஹெசூஸ் பத்ரிசியோவைச் சுயேச்சையாக முன்மொழிந்தது, சபாட்டிஸ்டாக்கள் ஆதரித்தார்கள். 8,66,593 கையெழுத்து தேவை, அதையும் கைப்பேசிச் செயலியில் திரட்ட வேண்டும். மின்சாரமும் சிக்னலும் இல்லாத ஊர்களில் அது நடக்கிற காரியமா? தேவையான எண்ணிக்கை எட்டவில்லை.

இடதுசாரி அரசு வந்த பிறகும் ஏன் ஒத்துப்போகவில்லை?

2018இல் அதிபராக வந்த லோபெஸ் ஓப்ரடோர் ஏழைகளுக்குப் பணம் கொடுத்தார், மறுப்பதற்கில்லை. ‘வாழ்வை விதைப்போம்’ திட்டத்தில் இரண்டரை ஹெக்டேரில் மரம் நட்டால் தொடக்கத்தில் மாதம் 5,000 பெசோ. ஆனால் அதற்கு நிலம் உங்களுடையது என்று காட்ட வேண்டும். அதனால் யாருடைய நிலம் என்ற பழைய சண்டை பல இடங்களில் மறுபடி மூண்டது. மீட்ட நிலத்தைக் கேட்டுக் கும்பல்கள் வந்தன. 2020 ஆகஸ்டில் குஷுல்ஹாவில் சபாட்டிஸ்டாக்களின் காப்பிக் கிடங்குகள் சூறையாடப்பட்டுத் தீவைக்கப்பட்டன. யுகத்தான் பகுதியின் மாயா ரயில் திட்டத்தையும் அவர்கள் எதிர்த்தார்கள்.

2024 செப்டம்பரில் அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு திருத்தப்பட்டு, பூர்வகுடி மக்கள் பொதுச் சட்ட உரிமை உள்ளவர்களாக ஏற்கப்பட்டார்கள். 1996இல் கையெழுத்தானதில் ஒரு பகுதி, 28 ஆண்டு கழித்து.

இன்றைக்குப் பெரிய ஆபத்து எது?

போதைப்பொருள் கும்பல்கள். 2021க்குப் பிறகு சினலோவா கும்பலும் ஹலிஸ்கோ கும்பலும் குவாத்தமாலா எல்லைப் பாதைக்காக சியாபாஸில் மோதுகின்றன. 2024 ஜூலையில் எல்லையோர ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் குவாத்தமாலாவுக்கே தப்பியோடினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று, வன்முறைக்கு எதிராகப் பேசிய ட்சொட்சில் பாதிரியார் மார்செலோ பெரெஸ் ஞாயிறு திருப்பலி முடித்துத் திரும்பும்போது சான் கிறிஸ்டோபாலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ராணுவ லாரியை எண்ணும் நோட்டு இந்த எதிரிக்கு எந்த அளவு உதவும் என்பது தோழமைக் குழுக்களுக்குள்ளேயே ஓடும் விவாதம். அரசுக்கு வெளிநாட்டில் மானம் போகும் என்ற பயம் உண்டு. கும்பலுக்கு அது இல்லை.

இவர்கள் மேல் விமர்சனமே இல்லையா?

நிறைய. அரசு உதவி எதையும் வாங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தாங்க முடியாமல் பல குடும்பங்கள் விலகின. அண்ணன் தம்பி இரண்டு பக்கம் நிற்கும் ஊர்கள் உண்டு. இளைஞர்கள் வடக்கே கூலி தேடிப் போகிறார்கள். ராணுவ ஒழுங்குள்ள ஒரு படை, மக்கள் ஆட்சிக்குப் பக்கத்திலேயே இருப்பது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானது. 2003இல் படையை நிர்வாகத்திலிருந்து விலக்கியதே அந்தச் சிக்கலை அவர்களும் உணர்ந்ததால்தான். 2006 தேர்தலில் லோபெஸ் ஓப்ரடோரை ஆதரிக்க மறுத்தபோது, அவர் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். நகரத்து இடதுசாரிகள் பலர் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முன்பெல்லாம் சான் கிறிஸ்டோபாலிலிருந்து வாடகை வண்டி பிடித்து ஓவென்டிக் போனால், வாசலில் முகமூடி அணிந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர், நாடு, தொழில், வந்த காரணம் எல்லாம் எழுதிக்கொண்டு உள்ளே விடுவார். சமீப ஆண்டுகளில் வன்முறை காரணமாக மையங்கள் வெளியாருக்கு மூடியே கிடக்கின்றன. பொதுக் கூடுகை வைக்கும்போது முன்கூட்டியே அறிவிப்பார்கள், பதிவு செய்துவிட்டுப் போகலாம். பார்வையாளராகத் தங்க வேண்டுமானால் மேலே சொன்ன மனித உரிமை மையத்தின் பயிற்சி வழியாகப் போவதுதான் முறை. ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும், தங்கும் செலவு உங்களுடையது. வெளிநாட்டவர் உள்நாட்டு அரசியலில் தலையிட்டால் நாடு கடத்த மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு இடம் தருகிறது, அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்காமல் யார் முகத்தையும் படம் எடுக்காதீர்கள், முகமூடி போட்டிருந்தாலும் சரி. பழைய துணி மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம்.